பேரண்டத்தின் வேகம், சங்குப்பூ நீலம், மஞ்சள் மருந்து: ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எப்போது எழுதலாம்?

கேள்வி: இயற்பியல் ஆசிரியர்

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் மாணவர்கள் மூன்று தலைப்புகளை எடுத்திருக்கிறார்கள்: பேரண்டம் விரிவடையும் வேகம், சங்குப்பூவிலிருந்து மிட்டாய்க்கு நீல நிறம், மஞ்சள் தொற்றுநோய்களைக் குணப்படுத்தும் என்பது. மூன்று அட்டைகளிலும் கடைசி வரி ஒன்றேதான்: ‘இது அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டுள்ளது.’ மூன்றாவது அட்டையில் அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை. மற்ற இரண்டில் அதை அடிக்கச் சொல்வதற்கும் எனக்குப் போதிய காரணம் தெரியவில்லை. எந்தத் தலைப்புக்கு எதைச் சான்றாகக் கேட்க வேண்டும் என்று அந்தந்தத் துறையினர் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: உணவு வேதியியலாளர்

ஐயா, சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும் என்பதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதன் சாற்றை உணவு நிறமாகப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-இல் அனுமதியும் அளித்துவிட்டது. அந்த நீலம் மிட்டாய்க்குள் போன பிறகும் நீலமாகவே நிற்குமா என்பதைத்தான் மாணவர்கள் காட்ட வேண்டும், எங்கள் துறையில் பெரும்பாலான உழைப்பு அங்கேதான் செலவாகிறது.

சங்குப்பூவில் இருப்பது அந்தோசயனின் வகை நிறமி. அமிலத்தன்மை கூடக்கூட அதன் மூலக்கூறின் வடிவம் மாறுவதால் நிறமும் மாறிவிடும். நீலச் சாற்றில் எலுமிச்சைச் சாறு சில சொட்டுகள் விழுந்தாலே ஊதாவாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். புளிப்பு மிட்டாய்க்குள் அந்த நீலத்தை நிறுத்துவது எளிதன்று. மஞ்சளும் இப்படிப்பட்டதுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தவுடன் சிவப்பது, அதிலுள்ள குர்குமின் என்ற நிறமி காரத்தில் நிறம் மாறுவதால்தான். மஞ்சள் தடவிய கயிறு வெயிலில் வெளுப்பது, அதே குர்குமின் ஒளியில் சிதைவதால்தான். பீட்ரூட்டின் சிவப்போ அடுப்புச் சூட்டைத் தாங்குவதில்லை.

இயற்கையில் நீலம் எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். சிவப்பு முட்டைக்கோஸிலிருந்து தூய நீலம் எடுத்த ஆய்வு 2021-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளிவந்தது. நீலம் தரக்கூடிய அந்தோசயனின் அந்தக் கோஸில் மிகக் குறைவாகவே இருந்ததால், மற்ற அந்தோசயனின்களையும் அதுவாகவே மாற்றக்கூடிய நொதியை ஆய்வாளர்கள் வடிவமைக்க வேண்டியிருந்தது. பிறகு அலுமினிய அயனியோடு சேர்த்துத்தான் செயற்கை நீலத்திற்கு நெருக்கமான நிறத்தைப் பெற்றார்கள்.

ஆகவே அட்டையில் ‘நிரூபிக்கப்பட்டது’ என்பதற்குப் பதிலாக, எந்த அமிலத்தன்மையில், எவ்வளவு சூட்டில், எத்தனை நாள் வெளிச்சத்தில் நிறம் நின்றது என்று எழுதச் சொல்லுங்கள். ‘இயற்கையானது, அதனால் பாதுகாப்பானது’ என்ற வரி எங்காவது இருந்தால் அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பஞ்சுமிட்டாயில் ரோடமைன்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடை விதித்தபோது, ‘செயற்கை’ என்ற சொல்லை மட்டுமே பலர் பிடித்துக்கொண்டார்கள். அது உணவுக்கு அனுமதிக்கப்படாத தொழிற்சாலைச் சாயம் என்பதே அங்கே விஷயம்.

மறுமொழி: பொது மருத்துவர்

மூன்றாவது அட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கண்ணாடித் தட்டில் மஞ்சள் சாறு ஊற்றிய இடத்தில் பாக்டீரியா வளரவில்லை என்ற படத்தை மாணவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். வினிகரை ஊற்றினாலும் பெரும்பாலான பாக்டீரியா வளராது, ஆனால் வினிகர் நிமோனியாவுக்கு மருந்தாகாது. குர்குமினை விழுங்கினால் அதில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேருகிறது. ஒளி பட்டால் தானும் ஒளிரும் தன்மையுடையது என்பதால் சில ஆய்வகச் சோதனைகளில் வேலை செய்வதுபோலப் பொய்யாகக் காட்டவும் செய்கிறது. 2017-இல் ஒரு மருந்து வேதியியல் இதழில் வந்த விரிவான மீளாய்வு, யாருக்கு உண்மையான மருந்து போகிறது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி இருபுறமும் மறைத்து நடத்தப்பட்ட எந்த மருத்துவ ஆய்விலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியது.

மருத்துவத்தில் சான்று என்றால் என்ன என்பதைக் காட்டச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவ விடுதியில் சேர்த்து, ஓய்வும் நல்ல உணவும் தந்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலத்தில், 1956-இல் இங்கே தொடங்கிய ஆய்வு மையம் 190-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினார்கள். மறு பிரிவினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்தபடி, போதிய உணவுகூட இல்லாமல் அதே மாத்திரைகளை விழுங்கினார்கள். 1959-இல் முடிவு வெளியானபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். யாரை எங்கே அனுப்புவது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுத்திருந்தால், தேறிவிடுவார் என்று தோன்றியவர்களை அவரே அறியாமல் ஒரு பக்கம் சேர்த்திருப்பார், முடிவுக்கும் மதிப்பிருந்திருக்காது.

பள்ளியில் பாக்டீரியா வளர்க்க வேண்டாம், ஐயா. அட்டையின் தலைப்பை ‘மஞ்சள் ஏன் இன்னும் மருந்தாகவில்லை’ என்று மாற்றினால் போதும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. உணவு வேதியியலாளர் சொன்னபடி சங்குப்பூச் சாற்றை ஆறு குப்பிகளில் ஊற்றி, மூன்றைச் சன்னலோரத்திலும் மூன்றை அலமாரிக்குள்ளும் ஒரு வாரம் வைத்தோம். சாறு தயாரித்த மாணவி எந்த வேறுபாடும் இல்லை என்று உறுதியாகச் சொன்னாள். ஆறையும் மேசையில் வைத்திருந்தபோது, வகுப்பறையைப் பெருக்க வந்த அம்மா, எதுவும் அறியாமலேயே, “இந்த மூணும் ஏன் சார் வெளுத்துக் கிடக்கு?” என்றார். அவர் காட்டியவை சன்னலோரக் குப்பிகள். இதை அட்டையில் எப்படிப் பதிவு செய்வது?

மறுமொழி: வானியற்பியல் ஆய்வு மாணவர்

ஐயா, முதலில் என் துறையின் அட்டை. பேரண்டம் விரிவடைகிறது என்பதில் ஐயமில்லை, வேகத்தில்தான் சிக்கல். 1929-இல் வானியலாளர் ஹபிள் கணித்த வேகம் ஒரு மெகாபார்செக் (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு) தொலைவுக்கு வினாடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அதை ஏற்றால் பேரண்டம் பூமியின் பாறைகளைவிட இளையதாகிவிடும். தொலைவை அளக்கப் பயன்பட்ட செஃபீட் என்ற, ஒளி கூடிக் குறையும் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு என்பதை 1952-இல் வானியலாளர் வால்டர் பாடே அறிவித்த பிறகே தொலைவுகள் இரு மடங்காகின. இன்றும் இரண்டு அளவீடுகள் ஒத்துப்போகவில்லை: பேரண்டத்தின் தொடக்ககால ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் கணக்கு அதே அலகில் 67.4, பிழை வரம்பு ±0.5; செஃபீட்களையும் வெடித்துச் சிதறும் விண்மீன்களையும் (சூப்பர்நோவா) கொண்டு ஆடம் ரீஸ் குழுவினர் 2022-இல் தந்தது 73.04, பிழை வரம்பு ±1.04. இரண்டையும் பிழை வரம்போடு எழுதினால் அட்டை முழுமையாகிவிடும்.

உங்கள் குப்பிகளுக்கும் இதில் இடமுண்டு. பேரண்டத்தை மறுபடி நடத்திப் பார்க்க முடியாது என்பதாலும், எந்த எண் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ அந்த எண் வந்தவுடன் பிழை தேடுவதை நிறுத்திவிடுகிறோம் என்பதாலும், எங்கள் துறையில் பல குழுக்கள் பகுப்பாய்வு முடியும் வரை விடையைத் தங்களிடமிருந்தே மறைத்து வைக்கின்றன. 1948-இல் வெளியான, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வில் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கும் எது மருந்து பெற்ற நோயாளியுடையது என்று சொல்லவில்லை. பெருக்க வந்த அம்மா செய்தது அதேதான், ஆனால் ஒரு முறை பார்த்தது போதாது. புதிதாகச் சாறு எடுத்து, குப்பிகளின் அடியில் எண் மட்டும் ஒட்டி, வேறு வகுப்பு மாணவர்கள் பத்துப் பேரைத் தனித்தனியாக வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எந்த எண் எங்கே இருந்தது என்ற தாளை, அவர்கள் முடிக்கும் வரை, தலைமை ஆசிரியரின் மேசை இழுப்பறையில் பூட்டி வையுங்கள், உங்களிடமும் வேண்டாம்.