லோஷன் பேஸ் வாங்கி நிரப்பினால் அது நம் தயாரிப்பா?

கற்றாழைவீடு:
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டின் பின்கட்டில் மூன்று ஆண்டுகளாகக் குளியல் சோப்பு செய்து, தெரிந்தவர்களுக்கு விற்று வருகிறேன். வாங்குபவர்களில் பாதிப் பேர் செவிலியர்கள். நாள் முழுவதும் கை கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடிக்கிறது, கைக்கு ஒரு லோஷன் செய்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குச் சோப்பு தெரியும், லோஷன் தெரியாது. ஆகவே தயாராக விற்கும் லோஷன் பேஸை வாங்கி, மணம் சேர்த்து, பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று இருக்கிறேன்.

இரண்டு மாதிரிகள் வரவழைத்தேன். முதலாவது கிலோ 280 ரூபாய். கெட்டியாக, பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது, தடவினால் பட்டு. டப்பாவின் மேல் 'பாரபென் இல்லாதது' என்று மட்டும் அச்சடித்திருக்கிறார்கள் (பாரபென் என்பது கெடாமல் காக்கும் ஒருவகைச் சேர்மானம்). உள்ளே என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்றால் தொழில் ரகசியமாம். இரண்டாவது 460 ரூபாய். சற்று நீர்த்தாற்போல் இருக்கிறது, தேய்க்கும்போது வெள்ளைக் கோடு விழுந்து மெதுவாக மறைகிறது. ஆனால் சேர்மானப் பட்டியல், தொகுதி எண், பரிசோதனைச் சான்று எல்லாம் கூடவே வந்தன. எதை எடுப்பது? வீட்டுக் கற்றாழைச் சோறும் பன்னீரும் கொஞ்சம் கலந்தால் நம் கைமணம் வரும் அல்லவா?

குடியாத்தம்கைவண்ணம்:
இரண்டாவதுதான், யோசிக்கவே வேண்டாம். நானும் இரண்டு ஆண்டுகளாக பேஸ் வாங்கித்தான் விற்கிறேன். ஒரு கிலோவுக்கு ஐந்து கிராம் லாவெண்டர் எண்ணெய், அதற்கு மேல் எதுவும் இல்லை. கற்றாழையும் பன்னீரும் கலக்காதீர்கள் அக்கா. அது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதல் கோடையில் கால் லிட்டர் கற்றாழைச் சோற்றை மிக்ஸியில் அடித்து ஒரு கிலோ பேஸில் கலந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு வாடிக்கையாளர் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தார். பம்பைக் கழற்றினேன். கழுத்தின் உள்வளையத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் சாம்பல் நிறப் புள்ளிகள், புளித்த நீராகார வாடை. பதினெட்டு பாட்டில்களையும் திரும்ப வாங்கி ஊற்றிவிட்டேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை, அந்த அம்மாள் அதற்குப் பிறகு என்னிடம் சோப்புகூட வாங்கவில்லை.

பாலாற்றங்கரை:
நல்ல அறிவுரைதான், ஆனால் அடிப்படைக் கேள்வியை யாரும் தொடவில்லையே. எவரோ ஒருவர் ஆலையில் செய்த லோஷனில் ஐந்து கிராம் வாசனை ஊற்றிவிட்டு 'வீட்டில் கையால் செய்தது' என்று லேபிள் ஒட்டுவது என்ன நியாயம்? ஓட்டலில் சாம்பார் வாங்கிக் கொத்தமல்லி தூவினால் அது நம் வீட்டுச் சாம்பாரா?

லோஷன் செய்வது மலையைப் பிளக்கும் வேலை அல்ல. நூறு கிராமுக்குக் கணக்கு சொல்கிறேன்: காய்ச்சி வடித்த நீர் 72, எண்ணெய் 15, எமல்சிஃபையிங் வாக்ஸ் (நீரையும் எண்ணெயையும் பிணைக்கும் மெழுகு) 6, கிளிசரின் 5, கெட்டிப்படுத்தும் சீட்டைல் ஆல்கஹால் 1, பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) 1. நீரையும் எண்ணெயையும் தனித்தனியே 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கி, ஒன்றாக ஊற்றிக் கடைந்து, 40 டிகிரிக்குக் கீழ் இறங்கியதும் பிரிசர்வேட்டிவைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். சரக்குக்குக் கிலோ 180 ரூபாய்க்குள் எனக்கு அடங்குகிறது. எந்த எண்ணெய், எவ்வளவு பிசுக்கு என்பதெல்லாம் நம் கையில். செவிலியர்களுக்கு என்றால் கிளிசரினைக் கூட்டலாம், மணத்தையே விட்டுவிடலாம். வெடித்த தோலில் வாசனை எண்ணெய் எரியும்.

குடியாத்தம்கைவண்ணம்:
லேபிளில் 'கையால் செய்தது' என்று நான் போடுவதே இல்லை ஐயா. படிக்காமல் பழி சொல்லாதீர்கள். அந்த 180 ரூபாயில் உங்கள் உழைப்பும், கடைவதற்கான கருவியும், பதத்துக்கு வராமல் கொட்டிய தொகுதிகளும் சேர்ந்திருக்கின்றனவா? முதல் ஆண்டில் எத்தனை கிலோ கொட்டினீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

பாலாற்றங்கரை:
பதினொரு கிலோ. ஒருமுறை அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன், இரண்டே நாளில் திரிந்த பால்போல் ஆயிற்று. நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரின் கடினம் தெரிந்ததுதானே, குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே அதேதான். தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று முதல் அதைத் தொடவில்லை. கொட்டியதில்தான் கற்றேன். நீங்கள் வாங்கிய பேஸ் திரிந்தால் ஏன் திரிந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

பன்னீர்ப்பூ:
எல்லோரும் ரசாயனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பாட்டி காலத்தில் பிரிசர்வேட்டிவ் இருந்ததா? வைட்டமின் ஈ இரண்டு சொட்டு, வேப்பெண்ணெய் நாலு சொட்டு, போதும். இயற்கையே காக்கும்.

ராணிப்பேட்டை67:
பாட்டி அன்றன்று அரைத்து அன்றன்று பூசினார் அம்மா. பம்ப் பாட்டிலில் அடைத்து ஆறு மாதம் அலமாரியில் வைக்கவில்லை.

ரசாயன ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன் நான். வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்குவாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. நீர் இருக்கும் இடத்தில் கிருமி வரும். நீங்கள் சோப்பு செய்பவர், உங்கள் சோப்பின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 9 அல்லது 10 இருக்கும். அந்தக் காரத்தில் பூஞ்சை எளிதில் தலையெடுக்காது. லோஷன் பெரும்பாலும் 5, 5.5-இல் இருப்பது, முக்கால் பங்கு தண்ணீர். சோப்பில் செல்லுபடியான துணிச்சல் இங்கே செல்லாது.

குடியாத்தத்து அம்மாவின் கதையில் நடந்தது என்ன? ஒரு கிலோ பேஸில் பத்து கிராம் பிரிசர்வேட்டிவ், அதாவது 1 சதவீதம் இருந்தது என்று வையுங்கள். கால் கிலோ கற்றாழையைக் கலந்ததும் அது 0.8 ஆகிவிடுகிறது. குறைந்ததோடு போகவில்லை, கற்றாழையோடு கிருமியும் வந்தது, அது தின்பதற்குச் சர்க்கரையும் வந்தது. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவ் போட்ட பேஸ் என்றால், குறைந்ததை ஈடுகட்ட மேலும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு உச்ச வரம்பே 1 சதவீதம்தான். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் போட்ட பேஸ் என்றால் இன்னொரு கவனம் வேண்டும்: அவை அமிலப் பக்கம்தான் வேலை செய்யும். காரமான எதையாவது கலந்து பி.எச். 6-ஐத் தாண்டினால் லேபிளில் பெயர் இருக்கும், பாட்டிலுக்குள் காவல் இருக்காது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். முதல் பேஸைத் திருப்பி அனுப்புங்கள். சேர்மானத்தைச் சொல்லாதவரிடம் வாங்கி உங்கள் லேபிளில் என்ன எழுதுவீர்கள்? 'பாரபென் இல்லாதது' என்பது இல்லாததைச் சொல்கிறது. இருப்பது என்ன என்பதுதான் நமக்கு வேண்டும். இரண்டாவதிலும் சான்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சான்றிலுள்ள தொகுதி எண்ணும் டப்பாவிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பி.எச்., கிருமி எண்ணிக்கை இரண்டும் அதில் இருக்க வேண்டும். தோல் கிரீமுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6608, ஒரு கிராமில் 1000 கிருமிகளுக்கு மேல் கூடாது என்கிறது. அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ வாளியாக வாங்கினால் ஊறுகாய் ஜாடிக்குக் காட்டும் ஆசாரத்தை அதற்கும் காட்டுங்கள், ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது.

வெள்ளைக் கோடு விழுவது குற்றம் இல்லை. தேய்க்கும்போது காற்று கலப்பதால் வருவது, அவ்வளவே.

கற்றாழைவீடு:
மிக்க நன்றி ஐயா. கற்றாழையை விட்டுவிட்டேன். எலுமிச்சை எண்ணெய் மட்டும் சேர்க்கலாமா? செவிலியர்கள் அந்த மணத்தைத்தான் கேட்கிறார்கள்.

ராணிப்பேட்டை67:
தோலைப் பிழிந்து எடுத்த எலுமிச்சை எண்ணெய் அளவு மீறினால், வெயில் பட்ட இடம் சிவந்து கருக்கும். கையில் லோஷனோடு காட்பாடி மேம்பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டப்போகிறவர்களுக்கு அது எதற்கு? நீராவியில் வடித்த வகையில் இந்தத் தொல்லை இல்லை, கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், வெடித்த கைக்கு மணமே வேண்டாம். அந்த ஒரு விஷயத்தில் பாலாற்றங்கரை சொன்னதே சரி.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. உரிமம் இருக்கிறதா?

குடியாத்தம்கைவண்ணம்:
பேஸ் தயாரிப்பவரிடம் உரிமம் இருக்கிறது. நாம் நிரப்பத்தானே செய்கிறோம்? பேஸ் வாங்குவதன் லாபமே அதுதான். எனக்கு உத்யம் பதிவும் இருக்கிறது.

ராணிப்பேட்டை67:
இந்த ஒரு நம்பிக்கையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டம் 'தயாரிப்பு' என்பதற்குத் தரும் விளக்கத்தை ஒருமுறை படியுங்கள். செய்வது மட்டுமல்ல, விற்கும் நோக்கத்தோடு மாற்றுவது, அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பிரிப்பது எல்லாமே தயாரிப்புதான். கடைக்காரர் சில்லறை விற்பனையின் போக்கில் பொட்டலம் கட்டுவதற்கு விலக்கு உண்டு. வாசனை சேர்த்து உங்கள் பெயரில் லேபிள் ஒட்டுவது அதில் அடங்காது. உத்யம் என்பது சிறுதொழில் பதிவு, அழகுசாதன உரிமம் ஆகாது. 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி சிஓஎஸ்-5 படிவத்தில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு விண்ணப்பித்து, சிஓஎஸ்-8 உரிமம் பெற வேண்டும். சோப்புக்கும் அதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாலாற்றங்கரை:
ஆக, பேஸ் வாங்கினாலும் உரிமம் வேண்டும், சொந்தமாகச் செய்தாலும் உரிமம் வேண்டும். அப்படியானால் கிலோவுக்கு 460 கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்? என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்த்திருக்கிறீர்கள்!

ராணிப்பேட்டை67:
உங்களிடம் இருக்கிறதா தம்பி?

பாலாற்றங்கரை:
விண்ணப்பிக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தயாரிக்கும் இடம் குடியிருக்கும் வீட்டோடு இணைந்திருக்கக் கூடாது என்கிறார்களே. வாலாஜாவில் ஒரு கொட்டகை பேசியிருக்கிறேன்.

குடியாத்தம்கைவண்ணம்:
அடுத்தவர் லேபிளில் குற்றம் கண்டுபிடித்தவர் இவர்தான்! சரி, எனக்கும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாதம் நாற்பது பாட்டில் விற்கிறவள் தனிக் கொட்டகை, தகுதியான ஆள் எல்லாம் வைத்து எப்படிக் கட்டுப்படியாகும்? கோபமாக இல்லை, உண்மையாகவே கேட்கிறேன் ஐயா.

ராணிப்பேட்டை67:
நியாயமான கேள்விதான். உரிமம் பெற்ற கூடத்தில் உங்களுக்காகச் செய்வித்து உங்கள் பெயரில் விற்க, லோன் லைசென்ஸ் என்று ஒன்று உண்டு. சிஓஎஸ்-6-இல் விண்ணப்பித்தால் சிஓஎஸ்-9-இல் தருவார்கள். பேஸ் விற்பவர்களில் சிலர் தங்கள் கூடத்திலேயே நிரப்பியும் தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். நாற்பது பாட்டிலுக்கு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே லோஷனை எடுத்தால் பேச்சுக்கு இடம் உண்டு.

பன்னீர்ப்பூ:
இவ்வளவு தொல்லை எதற்கு? எண்ணெயும் தேன்மெழுகும் உருக்கிக் களிம்பாகக் கொடுத்துவிடுங்கள். நீரே இல்லை, பிரிசர்வேட்டிவும் வேண்டாம். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று பெயரெடுத்த ஊருக்குத் தண்ணீர் இல்லாத கிரீம்தான் பொருத்தம்.

ராணிப்பேட்டை67:
இந்தத் திரியிலேயே உருப்படியான யோசனை! உரிமம் அதற்கும் வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மெழுகைக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லையென்றால் மே மாதத்தில் டப்பாவுக்குள் எண்ணெய்தான் இருக்கும்.

கற்றாழைவீடு (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):
விற்பனையை நிறுத்தி வைத்திருக்கிறேன், சோப்பையும் சேர்த்துத்தான். கத்திரி வெயிலில் இரண்டு பேஸிலும் மும்மூன்று பாட்டில் நிரப்பி மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வைத்தேன். 280 ரூபாய் பேஸ் பன்னிரண்டாம் நாள் அடியில் நீர் விட்டது, மேலே மஞ்சளாக எண்ணெய் மிதக்கிறது. 460 ரூபாய் பேஸ் இன்றுவரை அப்படியே இருக்கிறது, பி.எச். தாளில் 5.5 காட்டுகிறது. அதையும் மூன்றாக எழுத முடியவில்லை. ஒரு பாட்டிலைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நிரப்பித் தருவார்களா என்று அந்த பேஸ்காரரிடமே கேட்டேன். குறைந்தது ஐம்பது கிலோ என்கிறார். மணம் இல்லாத கை லோஷன்தான். குடியாத்தம் அக்கா, இருபது கிலோ நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா?

குடியாத்தம்கைவண்ணம்:
பதினைந்து.

பாலாற்றங்கரை:
மீதியில் பத்து எனக்கு. கொட்டகை அமையும்வரை மட்டும்.