இருபத்தைந்தை 205 என்று எழுதும் பிள்ளைகள்: வகுப்பறையில் ஒரு வாரம்

தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு, மூன்று வகுப்பும் ஒரே அறையில். போன வாரம் எங்கள் வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன். சின்ன வகுப்பு எடுக்கிறவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை எண்களைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். இருபத்தைந்து என்றதும் பாதிப் பேர் சிலேட்டில் 205. முப்பத்திரண்டு என்றால் 302. இதைப் பார்க்காத ஆரம்பப் பள்ளி ஆசிரியர் இருக்க மாட்டார். இதைத் தப்பு என்று அடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. காதில் விழுந்ததை ஒழுங்காகத்தானே எழுதியிருக்கிறார்கள்? முதலில் இருபது, அப்புறம் ஐந்து. இருபதின் பூச்சியம் இருக்கும் இடத்தில்தான் ஐந்து வந்து உட்கார வேண்டும் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதனால் வாரத்தின் கணக்கு நேரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினேன்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கைவர வேண்டும் என்று தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (வகுப்புக்கேற்ற நிலை) என்று நிலை பார்த்துத்தான் உட்கார வைக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருப்பதும் உண்டு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்பதைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஈர்க்குச்சி. தேய்ந்த தென்னை விளக்குமாறு வீட்டில் இருந்தால் கொண்டு வாங்க என்று சொல்லியிருந்தேன். குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாகக் கட்டினோம். "எத்தனை கட்டு? எத்தனை உதிரி?" இந்த இரண்டு கேள்விதான் நாள் முழுக்க. ஒரு பெண் பிள்ளை, தானே கட்டிய கட்டை ஒவ்வொரு முறையும் பிரித்து ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டினாள். பக்கத்தில் இருந்தவன், "அது பத்துதான் பாப்பா, நீதான கட்டுன" என்று சொல்லியும் கேட்கவில்லை. நான் தடுக்கவில்லை. ஒரு கட்டு என்பது ஒன்றாகவும் இருக்கிறது, பத்தாகவும் இருக்கிறது. ஆறு வயதுக்கு இது பெரிய விஷயம். அவள் கையே அதைச் சோதித்து முடிக்கட்டும் என்று விட்டேன். மறுநாள் மத்தியானம் அவளாகவே பிரிப்பதை நிறுத்திவிட்டு "பத்து, இருபது" என்று எண்ணத் தொடங்கினாள்.

புதன்கிழமை அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, நீள அட்டைகளில் 10, 20 என்று 90 வரையும், அதில் பாதி நீளத்தில் 1 முதல் 9 வரையும் எழுதினேன். 20 அட்டையின் வலது ஓரத்தில், பூச்சியத்தின் மேல், 5 அட்டையை வைத்தால் 25. வைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். ஒருவன் 5-ஐத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு, "டீச்சர், பூச்சியம் எங்கயும் போகல, உள்ளதான் இருக்கு!" என்று கத்தினான். அதன் பிறகு அறையில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லோரும் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கு அந்த வாரத்தின் மிகச் சந்தோஷமான நேரம் அதுதான்.

வியாழன் அன்று அரும்பு நிலைக்குப் பல்லாங்குழி. பதினாலு குழி, புளியங்கொட்டை. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு', குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பசுவை விடக்கூடாது என்ற ஆசையில், எண்ணாமல் பார்வையிலேயே நாலைக் கண்டுபிடிக்கப் பழகிவிடுகிறார்கள். பயிற்சி ஏடு இதைத் தராது.

வெள்ளிக்கிழமை மறுபடி சொல்லி எழுத வைத்தேன். பெரும்பாலோர் 25 என்றே எழுதினார்கள். சிலர் 205 எழுதிவிட்டு, அட்டைப் பெட்டியை எட்டிப் பார்த்து, தாங்களே அழித்துத் திருத்தினார்கள். நூற்றைந்து வரும்போது இதே சிக்கல் 1005 ஆகத் திரும்பி வரும். வரட்டும், 100 அட்டையும் வெட்டி வைத்திருக்கிறேன்.

---

டீச்சர், நான் திருப்பூர் பக்கம். எங்கள் வகுப்பில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வட மாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைய. இந்தி பேசும் பிள்ளைக்கு 25 பச்சீஸ், 32 பத்தீஸ். நூறு வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்களிடம் 205 வருவதில்லை, எண்ணின் பெயரே மறந்துபோகிறது. ஆனால் இருபது, ஐந்து என்று தமிழில் கட்டையும் உதிரியையும் காட்டிச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தி வீட்டில் தன் தம்பிக்குத் தமிழில்தான் எண்ணச் சொல்லித் தருகிறாளாம்.

---

ஓய்வு பெற்றவள் நான். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது வகுப்பில் இருந்தேன். பாயில் குழுவாக உட்கார்ந்து, எதற்குப் பின் எதைப் படிக்க வேண்டும் என்று காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்து அட்டை எடுத்து, பிள்ளை உயரத்துக்குக் கீழே வைத்த கரும்பலகையில் எழுதுவார்கள். 2007-இல் அது மாநிலம் முழுவதும் போனது. திட்டத்தின் பெயர் மாறலாம், குச்சிக்கட்டை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். கழித்தலுக்கும் அதுதான் வழி. 32-இல் 7 போக வேண்டுமா, ஒரு கட்டைப் பிரிக்கட்டும். ஒரே தொல்லை, மே மாத விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் ரப்பர் பேண்டு எல்லாம் இற்றுப்போயிருக்கும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் அம்மா?

---

வணக்கம் அம்மா. நான் ரப்பர் பேண்டு போடுவதில்லை. நூலில் கட்டினால் பிள்ளைகளுக்கு முடிச்சை அவிழ்க்க வரவில்லை. சைக்கிள் கடையில் பழைய ட்யூப் வாங்கி, அரை விரல் அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டி வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக அதே வளையங்கள்தான், சின்னக் கைக்கும் மாட்டக் கழற்ற எளிது. கத்தரிக்கோலை மட்டும் கொஞ்சம் பெரியதாக வைத்துக்கொள்ளுங்கள்.