சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரமும் நேரமும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை 15,349 கி.மீ. கையாலேயே சரிபார்க்கலாம். சாங்கி கிழக்கே 104 பாகை, ஜேஎஃப்கே மேற்கே 74 பாகை. இரண்டும் கிட்டத்தட்ட நேர் எதிர்த் தீர்க்கரேகைகள் என்பதால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகும். சாங்கியின் அட்சரேகை 1.36, துருவத்துக்கு இன்னும் 88.64 பாகை. ஜேஎஃப்கே 40.64, துருவத்திலிருந்து 49.36. கூட்டினால் 138. பாகைக்கு 111.2 கி.மீ. வைத்தால் 15,346 வந்துவிடும்.

ஆனால் விமானம் அந்தக் கோட்டில் போவது அபூர்வம். போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி, வட பசிபிக் மேலே மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றை (மிக உயரத்தில் வேகமாக ஓடும் காற்று) பிடிக்கிறார்கள். தூரம் 16,000 கி.மீ. தாண்டினாலும் லாபம்தான். மணிக்கு 150 கி.மீ. பின்காற்று ஆறு மணி நேரம் கிடைத்தால் 900 கி.மீ. சும்மா வருகிறது, அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம். திரும்பும்போது அதே காற்று எதிரி, அதனால் பாதையே மாறும். நேற்று போன வழியைப் பார்த்து இன்றைக்கு ஜன்னல் சீட் தேர்ந்தெடுப்பது வீண் வேலை.

—

சார், மேலே நீங்கள் போட்ட 138 பாகைக் கணக்கு அருமை. நேரத்துக்கும் ஒரு குத்துமதிப்பு உண்டு: தூரத்தை 850ஆல் (மணிக்கு அத்தனை கி.மீ. வேகம் என்று வைத்து) வகுத்து அரை மணி கூட்டுங்கள். சுமார் 18 மணி 33 நிமிடம் வரும். டிக்கெட்டிலும் பதினெட்டரையிலிருந்து 19 மணிக்குள்தான் இருக்கும். கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த கேட்டில் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஜேஎஃப்கேயில் ஓடுபாதைக்கு வரிசை நின்றால் அரை மணி போய்விடும், அதையும் சேர்த்தே போட்டிருப்பார்கள்.

பலர் தடுமாறுவது தேதியில். கோடையில் 12 மணி வித்தியாசம், குளிர்காலத்தில் 13; மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும். கோடையில் சிங்கப்பூரில் நள்ளிரவு 12-க்குக் கிளம்பினால் அன்று காலை ஆறரைக்கே நியூயார்க். ஹோட்டல் செக்-இன் மதியம்தான், முந்தின இரவையும் சேர்த்து புக் செய்தால்தான் உடனே அறை கிடைக்கும். திரும்பும்போது திங்கள் இரவு பத்தரைக்கு ஏறினால் இறங்குவது புதன் அதிகாலை. செவ்வாய் முழுக்க ஆகாயத்தில். செவ்வாய்க்கு மீட்டிங் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

—

எகானமி தேடுபவர்களுக்கு: நேரடி விமானத்தில் அது கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டுவது ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ஏர்பஸ் விமானம்), மொத்தம் 161 இருக்கை: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளளவு, முன்பக்கச் சரக்கறையைப் பயன்படுத்துவதில்லை. எடைதான் பிரச்சினை, ஆள் கூடினால் தூரம் குறையும்.

பிராங்க்பர்ட் வழியாகப் போனால் எகானமி உண்டு. சுமார் 10,300 + 6,200 கி.மீ.; தூரம் ஆயிரத்துச் சொச்சம்தான் கூடுதல், நேரமோ 24 மணியை ஒட்டிப் போகும்.

—

இரண்டு சின்ன விஷயம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் போகிறவர்கள் அங்கேயே உள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கே டிக்கெட் போடுங்கள். தூரம் ஏறக்குறைய அதேதான், ஜேஎஃப்கேயில் இறங்கினால் நகரத்தையே கடந்து வர வேண்டும். சாங்கியில் மூன்றாம் டெர்மினல் போன்றவற்றில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். உள்ளே கடையில் வாங்கிய தண்ணீரும் அங்கே போய்விடும். காலிப் புட்டியோடு போய், ஏறியதும் பணிப்பெண்ணிடம் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.