ரெஸ்ட்ரெப்போ – தமிழ் சப்டைட்டில் கிடைக்குமா?

நண்பர்களே, 2010ல் வந்த 'ரெஸ்ட்ரெப்போ' ஆவணப்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா? அப்பாவுக்குப் போர்ப் படம் என்றால் உயிர், ஆங்கிலம்தான் ஓடாது.

ஆப்கானிஸ்தானின் கோரங்கல் பள்ளத்தாக்கில், மலைமேல் இருந்த ஒரு காவல்சாவடியில் அமெரிக்கச் சிப்பாய்களோடு தங்கி எடுத்த படம். பின்னணிக் குரல் கிடையாது, பேச்சு புரியாவிட்டால் பாதிப் படம் போச்சு. முள்கம்பியில் சிக்கிய பசுவைச் சிப்பாய்கள் கொன்று தின்றுவிட, ஊர்ப் பெரியவர்கள் வந்து பணம் கேட்பார்கள். காசு தரமாட்டோம், மாட்டின் எடைக்கு அரிசி, பயறு, சர்க்கரை தருகிறோம் என்று பதில் வரும். அந்தப் பேரத்தை நான் வாயால் சொன்னால் சப்பென்று இருக்கிறது!

ஆங்கில சப்டைட்டில் ஃபைல் (எஸ்ஆர்டி) என்னிடம் உண்டு. ராணுவத்தில் இருந்தவர்கள் யாராவது ரேடியோவில் பேசும் இடங்களை மட்டும் பார்த்துத் தருவீர்களா? மிச்சத்தை நானே மொழிபெயர்த்துவிடுவேன்.