புதுப்பிப்பு: கொட்டாங்குச்சியில் வடிந்தது என்ன?

அம்பத்தூரில் நண்பரின் பட்டறையில், கொட்டாங்குச்சியை மூடிய இரும்பு டப்பாவில் காற்றில்லாமல் சூடாக்கி, புகையைக் குளிரவைத்துப் பிடிக்கப் போகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். கரி நன்றாகவே வந்தது. ஆனால் என்னை மயக்கியது அந்தத் திரவம்தான்.

அசையாமல் வைத்ததும் அடியில் கெட்டியான கருப்புத் தார் தங்கியது. மேலே செம்பழுப்பு நீர், மூக்கைத் துளைக்கும் காடி வாசம், லிட்மஸ் பட்டதும் சிவந்தது. இப்படி வடியும் நீரில் அசிட்டிக் அமிலம் (காடியின் புளிப்பு), மெத்தனால் (விஷச் சாராயம்), அசிட்டோன் (கரைப்பான்) எல்லாம் கலந்திருக்கும். 1923இல் ஜெர்மனியில் செயற்கை மெத்தனால் உற்பத்தி தொடங்கும்வரை உலகத்துக்கு மெத்தனால் பெரும்பாலும் மரத்திலிருந்துதான் வந்தது. நம் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் பத்ராவதி இரும்பாலைக்கு விறகைக் கரியாக்கியபோது இவற்றையும் வடித்தெடுத்தார்கள்.

"சித்த வைத்தியத்துல இது இருக்கே சார்" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், குழித்தைலம் இதே முறைதான். மேல்பானையைச் சுற்றித் தீ, குழியில் புதைத்த கீழ்ப்பானையில் தைலம். கொட்டாங்குச்சியில் எடுக்கும் சிரட்டைத் தைலம் அப்படி வடிப்பதுதான். எவ்வளவு தெளிவான ஏற்பாடு!

அப்புறம், மொட்டை மாடியில் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், மெத்தனால் கண்பார்வையையே பறிக்கும். நாங்கள் அந்த வாயுவைத் திரும்ப அடுப்புக்கே விட்டு எரித்தோம். அடுத்து, அந்த நீரில் சுண்ணாம்பு சேர்த்து, அசிட்டிக் அமிலத்தின் உப்பான கால்சியம் அசிட்டேட் எடுக்கப் பார்க்கிறோம்.