ஸ்டுடியோ சர்வருக்கு எது: டெபியனா, ஃப்ரீபிஎஸ்டியா?

அல்சூர்வாசி:
பெங்களூர்ல அண்ணனோட கல்யாண போட்டோ ஸ்டுடியோவுக்கு ஃபைல் சர்வர் போடணும். எஸ்.பி. ரோட்டுல பழைய டெஸ்க்டாப்பும் 4 டிபி டிஸ்க் ரெண்டும் வாங்கியாச்சு. ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் முடிவாகலை: லினக்ஸ் வகையில ஒண்ணு, பிஎஸ்டி வகையில ஒண்ணு. டெபியனா, ஃப்ரீபிஎஸ்டியா?

காக்ஸ்டவுன்:
கண்ணை மூடிக்கிட்டு ஃப்ரீபிஎஸ்டி. படம்தானே ஸ்டுடியோவோட சொத்து? டிஸ்க்ல சத்தமில்லாம ஒரு பிட் புரண்டு டேட்டா கெட்டா, லினக்ஸ்ல வழக்கமா போடற எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நகலை வைக்கிற லினக்ஸோட எம்டி ரெய்டு 1 போட்டாலும், ரெண்டு நகலும் ஒத்துப்போகலைன்னு மட்டும்தான் சொல்லும்; எது நல்ல நகல்னு அதால சொல்ல முடியாது. இசட்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம், அதாவது சரிபார்க்கிற எண், வெச்சிருக்கு. படிக்கும்போது தப்பா இருந்தா அடுத்த டிஸ்க்லேருந்து எடுத்துக் கொடுத்துட்டு, கெட்டதையும் திருத்திடும். ஃப்ரீபிஎஸ்டியில 2008-ல வந்த 7.0 முதலே இது உண்டு. லினக்ஸோட மையப் பகுதியான கர்னல்ல இதைச் சேர்க்கலை. இசட்எஃப்எஸ்ஸோட சிடிடிஎல் உரிமமும் கர்னலோட ஜிபிஎல் உரிமமும் ஒத்துவராததுதான் பிரச்சினை.

மடிவாளா:
டெபியன்லயும் இசட்எஃப்எஸ் கான்ட்ரிப்ங்கிற கூடுதல் பேக்கேஜ் பிரிவுல இருக்குண்ணே. 2021-ல வந்த ஃப்ரீபிஎஸ்டி 13-லேருந்து ரெண்டுக்கும் ஒரே ஓப்பன்இசட்எஃப்எஸ் கோடுதான். தம்பி வெளியூர் போயிருக்கும்போது சர்வர் படுத்துட்டா யார் பார்ப்பா? சர்வீஸுக்கு வர்ற பையனுக்கு லினக்ஸ் ஓரளவு தெரியும். பிஎஸ்டின்னா கையை விரிச்சிடுவான்.

காக்ஸ்டவுன்:
டெபியன்ல கர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ்ங்கிற கருவி இசட்எஃப்எஸ் மாட்யூலை மறுபடி கம்பைல் பண்ணணும். அதுக்கு வேண்டிய கர்னல் ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லைன்னா ரீபூட்டுக்கு அப்புறம் பூல், அதாவது இசட்எஃப்எஸ் டிஸ்க் தொகுப்பு, ஏறாது. கல்யாண சீசன்ல அது நடந்தா என்ன பண்ணுவாங்க? ஃப்ரீபிஎஸ்டியில கர்னல், யூசர்லேண்ட் (அடிப்படைக் கருவிகள்), இசட்எஃப்எஸ் எல்லாம் ஒண்ணா ரிலீஸ் ஆகுது. அப்டேட்டுக்கு முன்னாடி பூட் என்விரான்மென்ட், அதாவது சிஸ்டத்தோட அப்போதைய நிலை, ஒண்ணு எடுத்து வெச்சா, சொதப்பினாலும் பூட் ஆகும்போது வர்ற லோடர் மெனுவில பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். அதைப் போன்லயே சொல்லிக் கொடுக்கலாம்.

மடிவாளா:
ஹெடர்ஸ் மெட்டாபேக்கேஜை ஒரு தடவை போட்டுட்டா கர்னலோட சேர்ந்து அதுவும் அப்டேட் ஆகும். டெபியனோட ஸ்டேபிள் பதிப்புல கர்னல் பெரிய வெர்ஷனுக்குத் தாவவும் தாவாது. நாளைக்கு அண்ணன் டாக்கர்ல (ஆப்களைத் தனித்தனிப் பெட்டியா ஓட்டற கருவி) ஏதாவது ஓட்டணும்னா? அது லினக்ஸ் கர்னலோட பிரிச்சு வைக்கிற வசதிகளான நேம்ஸ்பேஸையும் சிகுரூப்பையும் நம்பி இருக்கு.

காக்ஸ்டவுன்:
அப்படித் தனியா பிரிச்சு ஓட்ட ஃப்ரீபிஎஸ்டியில ஜெயில்ஸ் 2000-லயே வந்தாச்சு. டாக்கர் வேணும்கிறவங்களுக்கு அது போதாதுங்கிறதை ஒத்துக்கிறேன். ஆனா அவர் கேட்டது ஃபைல் சர்வர்.

அல்சூர்வாசி:
நான் பாதி நாள் சென்னையில இருக்கேன். அண்ணனுக்குப் பக்கத்துல ஆள் வேணும், அதனால டெபியன், மேல, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நகல் வைக்கிற இசட்எஃப்எஸ் மிரர்.

காக்ஸ்டவுன்:
சரி தம்பி. ஆனா பூல் உருவாக்கும்போதே கம்பாட்டிபிலிட்டி செட் பண்ணி, ரெண்டு பக்கமும் புரியற ஃபீச்சர்களை மட்டும் வெச்சுக்கோங்க. மனசு மாறினா எக்ஸ்போர்ட் பண்ணி ஃப்ரீபிஎஸ்டியில இம்போர்ட் பண்ணிக்கலாம்.

மடிவாளா:
பேக்கப்புக்கு மூணாவதா ஒரு டிஸ்க்கும் வாங்கி வீட்டுல வைங்க. மிரர்ல ஃபோல்டர் அழிஞ்சா ரெண்டு டிஸ்க்லயும் அழிஞ்சிடும்.