நாய்க்குத் திரும்பத் திரும்ப வரும் கழுத்துவலி, முதுகுவலி: நெல்லைப் பக்கம் பார்த்தவை

பாளையங்கோட்டை:

ஊசி போட்டதும் சரியாகிவிட்டது, இரண்டு மாதத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது என்று கேட்பவர்கள் ரொம்ப அதிகம். அவரவர் பார்த்த நாய்களைப் பற்றி, ஊர்ப்பெயரை மேலே போட்டு எழுதுங்கள். எந்த இனம், எத்தனை வயது, எந்த இடத்தில் வலி, ஏன் திரும்பியது என்று விவரமாக வேண்டும்.

முதலில் ஒரு டாக்ஸ்ஹண்ட், நீள உடம்பும் குட்டைக்காலும் உள்ள இனம். ஆண், 5 வயது, 11 கிலோ. அந்த உடம்புக்கு 8 கிலோ போதும். வயிற்றுவலி என்றுதான் கொண்டுவந்தார்கள். வயிற்றைத் தொட்டால் பலகை மாதிரி இறுக்கிக்கொள்ளும், முதுகை வில்லாக வளைத்து நிற்கும். பூச்சி மருந்து இரண்டு தடவை கொடுத்தாகிவிட்டது. வலி இருந்தது முதுகில். நாயை நிற்கவைத்து, முதுகெலும்பின் இருபக்கமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, தோளிலிருந்து கணுக்கணுவாக மெல்ல அழுத்திக்கொண்டே பின்னால் வரவேண்டும். கடைசி விலா சேருகிற இடத்துக்கு வந்ததும் மூச்சைப் பிடித்தது, வயிறு இறுகியது, தலையைத் திருப்பி விரலைப் பார்த்தது. குட்டைக்கால் இனங்களில் டிஸ்க் (முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவிலுள்ள மெத்தை) கோளாறு பெரும்பாலும் அந்தக் கடைசி விலாவை ஒட்டித்தான் வரும். இந்த இனங்களுக்கு டிஸ்க்கின் நடுவிலுள்ள கூழ் இளவயதிலேயே வறண்டு சுண்ணாம்பு ஏறிவிடுகிறது. 3 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில் ஒருநாள் அது வெளிக்கூட்டைக் கிழித்துக்கொண்டு தண்டுவடத்தை முட்டும்.

இந்த நாய்க்கு வலி மூன்று முறை திரும்பியது. மூன்று முறையும் காரணம் ஒன்றே. மருந்து கொடுத்த மூன்றாம் நாள் வாலை ஆட்டிச் சாப்பிட்டது, நான்காம் நாள் அவிழ்த்துவிட்டார்கள், அது திண்ணையிலிருந்து குதித்தது. மருந்து வலியைத்தான் நிறுத்தும். கிழிந்த இடத்தில் தழும்பு பிடிக்கக் குறைந்தது 4 வாரம் வேண்டும்.

அம்பாசமுத்திரம்:

அண்ணாச்சி சொன்ன 4 வாரத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ‘வீட்டுக்குள்ளேதான் இருக்கு’ என்பது ஓய்வு கிடையாது. கூண்டில் இருக்கவேண்டும். எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். 10 கிலோ நாய்க்கு 3 அடிக்கு 2 அடி. கடைக் கூண்டு வாங்க முடியாதவர்கள் தார்சாவின் (வீட்டுத் தாழ்வாரத்தின்) ஒரு மூலையில் இரண்டு பக்கம் சுவர், இரண்டு பக்கம் பலகை வைத்து அடைத்தாலே ஆகும். ஆனால் முன்னங்காலைத் தூக்கி விளிம்பில் வைத்து எட்டிப்பார்க்காத உயரம் வேண்டும். அப்படி நிமிர்ந்து நின்றால் முதுகுக்கு அதுவே கேடு.

தரையைக் கவனியுங்கள். டைல்ஸிலும் மொசைக்கிலும் பின்னங்கால் அகன்று வழுக்கும்போது இடுப்பு முறுக்கிக்கொள்கிறது. கோரைப்பாய் போடாதீர்கள், பாயே நாயோடு சேர்ந்து நழுவும். தேங்காய்நார் மிதியடி அல்லது ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் மடித்த சாக்கு போடலாம். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குக் கீழே கூண்டை வைத்தால் முதுகு தேறுவதற்குள் வெயிலில் நாய் போய்விடும். ஆள் புழங்குகிற, காற்று வருகிற இடத்தில் வையுங்கள். தனியாகக் கிடந்தால் குரைத்துக் குதிக்கும்.

ஒன்றுக்கு, இரண்டுக்கு மட்டும் நாளைக்கு 4, 5 தடவை வெளியே விடலாம். ஹார்னஸ் (நெஞ்சுப்பட்டை) போட்டு, கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, ஐந்து நிமிடத்தில் திரும்பவேண்டும். படி இருந்தால் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். தூக்கும் விதமும் முக்கியம். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்தொடைக்கு அடியில், முதுகு தரைக்குச் சமமாக, உங்கள் வயிற்றோடு அணைத்து. அக்குளில் கைவிட்டுக் குழந்தையைப் போலத் தூக்கினால் பின்பாரம் முழுவதும் அந்தப் புண்ணான டிஸ்க்கில் தொங்கும். 5ஆம் வாரத்திலிருந்து காலை, மாலை ஐந்தைந்து நிமிட நடை, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். தாமிரபரணியில் நீந்தவிட்டால் நல்லது என்று சொல்கிறார்கள். வலி இருக்கும்போது வேண்டாம், படித்துறையில் ஏறி இறங்குவதே ஆபத்து.

மேலப்பாளையம்:

கழுத்துவலிக்கு அடையாளம் வேறு. ரொட்டித் துண்டை நாயின் தலைக்கு மேலே காட்டுங்கள். நல்ல நாய் தலையைத் தூக்கும். கழுத்துவலி உள்ள நாய் தலையைத் தாழ்த்தியே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டி மேலே பார்க்கும், கீழே வெள்ளைவிழி தெரியும். காதுக்குப் பின்னாலுள்ள சதை தானாக வெட்டி வெட்டித் துடிக்கும். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொள்வதும் உண்டு. நரம்பு வேர் நசுங்குவதால் வருவது அது. காலில் முள்ளைத் தேடிக் காலத்தைப் போக்காதீர்கள்.

கிண்ணத்தை இரண்டு செங்கல் மேல், நெஞ்சு உயரத்துக்கு வைத்தாலே பாதி நாய்கள் சாப்பிட ஆரம்பித்துவிடும். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். குட்டைச் சங்கிலியில் கட்டி, தெருவில் போகிற மாட்டையும் பைக்கையும் பார்த்து நாள் முழுக்கப் பாய்ந்து இழுபடும் நாய்க்கு எந்த மருந்து கொடுத்தாலும் வலி திரும்பத்தான் செய்யும்.

வயதைப் பார்த்துச் சந்தேகப்படவேண்டும். ஒரு வயதுகூட ஆகாத பீகிள், காய்ச்சல், கழுத்து மரம் மாதிரி, நாலு நாளில் தானே தேறி மறுபடி வருகிறது என்றால் அது தண்டுவட உறை அழற்சியாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு மாதக்கணக்கில் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். பொம்மை மாதிரி சின்ன பொமரேனியன் குட்டிக்குக் கழுத்துவலி என்றால் தலையை வளைத்துப் பார்க்கவே கூடாது. முதல் இரண்டு கழுத்தெலும்பின் பிணைப்பு பிறவியிலேயே தளர்வாக இருக்கலாம். குனியவைத்தால் தண்டுவடம் நசுங்கும்.

வள்ளியூர்:

நம்ம பக்கம் உண்ணிக்காய்ச்சலை விட்டுவிட்டுப் பேசக்கூடாது. சிப்பிப்பாறை, பெண், 3 வயது. முதுகு விறைப்பு, எழுந்திருக்கும்போது முனகல், ஒருநாள் முன்னங்கால், மறுநாள் பின்னங்கால் நொண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறி, ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். ரத்தம் பார்த்ததில் பிளேட்லெட் குறைவு. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமிதான். டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் 28 நாள் எழுதினார்கள். பத்தாம் நாள் நன்றாகச் சாப்பிட்டதும் நிறுத்திவிட்டார்கள், ஆறு வாரத்தில் திரும்பியது. 28 நாளும் முழுதாகக் கொடுக்கவேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும், அதனால் சாதத்தில் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீர்.

நாய்மேல் இருக்கும் உண்ணி கொஞ்சம்தான். மீதி சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் கிடக்கும். வெடிப்பைப் பூசி அடைக்காமல் நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. மாட்டுக்கு அடிக்கும் மருந்தை அதே அளவில் கலந்து நாய்மேல் ஊற்றிவிடாதீர்கள்.

சேரன்மகாதேவி:

மருந்தில் நடக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் மனித மாத்திரை: டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் இரண்டும் நாய்க்கு ஆகவே ஆகாது, இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை நாய்க்கும் எழுதுகிறார்களே என்று மெடிக்கலில் வாங்கி ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல்நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அப்புறம் 0.1. எட்டு கிலோ நாய்க்கு தினம் 0.8 மில்லிகிராம்தான். மனித மாத்திரை 7.5 அல்லது 15. பதினைந்தைக் கொடுத்தால் ஏறக்குறைய 19 நாள் அளவு ஒரே வேளையில் உள்ளே போகிறது.

இதைவிட அடிக்கடி நடப்பது, ஒரு இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு, வலி நிற்கவில்லை என்று மறுநாள் இன்னொரு இடத்தில் மெலாக்சிகாம் வாங்குவது. இரண்டும் சேர்ந்தால் குடல் ஓட்டையாகிச் செத்த நாய்கள் உண்டு. தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனாலோ வாந்தியில் காப்பித்தூள் போல வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எந்த ஊசி, எந்தத் தேதி என்று சீட்டில் எழுதி வாங்காமல் எங்கேயும் நகராதீர்கள்.

தைலம் தேய்த்தால் நக்கிவிடும், அதிலுள்ள கற்பூரம் விஷம். கழுத்தைச் சொடுக்கெடுப்பதும் இடுப்பில் சூடு போடுவதும் பார்க்கவே மனசு பொறுக்காது. தயவுசெய்து யார் சொன்னாலும் செய்யவிடாதீர்கள்.

பேட்டை:

12 வயது லாப்ரடார். எக்ஸ்ரேயில் முதுகெலும்புக்கு அடியில் கிளி மூக்கு மாதிரி எலும்பு வளர்ந்திருக்கிறது. வலி அதனால்தானா?

பாளையங்கோட்டை:

பெரும்பாலும் இல்லை அக்கா. வயதான பெரிய நாய்களுக்கு அது சாதாரணமாகத் தெரியும், பல நாய்களுக்கு வலியே இருக்காது. வாலை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். கத்தினால் இடுப்பு முதுகெலும்பும் வாலுக்கு முன்னாலுள்ள திருவெலும்பும் சேரும் இடத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். காய்ச்சலும் மெலிவும் சேர்ந்திருந்தால் டிஸ்க்கில் கிருமி பிடித்திருக்கலாம். அது எக்ஸ்ரேயில் தெரியவே சில வாரம் ஆகும், முதல் படத்தில் இல்லை என்று விட்டுவிடக்கூடாது.

எல்லாருக்கும்: பின்பாதத்தை மடக்கி மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நாய் உடனே நிமிர்த்திக்கொள்ளும். அப்படியே வைத்துக்கொண்டு நின்றால் நரம்பு பாதிக்கிறது என்று பொருள், அன்றைக்கே போகவேண்டும். கால் முற்றிலும் விழுந்துவிட்டால் மருத்துவர் நாயின் கால்விரலை இடுக்கியால் கிள்ளிப் பார்ப்பார். காலை இழுத்துக்கொள்வது வெறும் அனிச்சை. தலையைத் திருப்புகிறதா, கத்துகிறதா என்பதுதான் கணக்கு. அந்த உணர்வும் போனபிறகு அறுவை செய்தாலும் நடக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூத்திரம் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் ‘போகிறது’ என்று நினைக்கவேண்டாம், பை நிரம்பி வழிகிறது. நாளைக்கு மூன்று நான்கு தடவை அழுத்தி வெளியேற்றக் கற்றுக்கொள்ளவேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய்க்குப் பின்னங்கால் விழுந்து, எச்சில் வடிந்து, குரல் மாறினால் வாயில் கைவிடாதீர்கள். வெறிநோய் இப்படி அமைதியாகவும் வரும். எச்சில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வேறெங்கோ கொண்டுபோகும்போது ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். நாயின் நீளத்துக்கு ஒரு பலகை, மேலே போர்வை, தோளிலும் இடுப்பிலும் துண்டைச் சுற்றிப் பலகையோடு கட்டுங்கள். கழுத்தில் கட்டாதீர்கள். நாய் நடக்க முடிந்த நாளில் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் பயத்தில் நாய் வலியைக் காட்டாது.